அடுக்களைச் சொற்களும் உணவு வரலாறும்

மக்கள் வாழ்வை நிலத்தோடு பொருத்திக் கண்ட தொல்காப்பியர், கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வத்தை அடுத்து உணவை வைத்தார். நிலம் வேறுபடின் உணவும் வேறுபடும் என்பது அவர் கொண்ட அடிப்படை. அக்கோட்பாட்டைக் கற்கும் நாம், வேறுபட்ட உணவை வேறுபடுத்திச் சமைத்தவர் யாவர் என்னும் வினாவைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அரசர் அளித்த விருந்து பாட்டில் உண்டு. கோயிலில் படைத்த அமுது கல்வெட்டில் உண்டு. நாள்தோறும் இல்லத்தில் உலை ஏற்றிய பெண்டிரின் தொழிலுக்கு ஓலையும் இல்லை, கல்லும் இல்லை. ஆயினும் தமிழர் உணவில் நிகழ்ந்த மிகப் பெரிய மாறுதல் அவர்தம் கையாலேயே நிகழ்ந்தது. கடல் கடந்து வந்த காயும் கிழங்கும் விதையும் 16ஆம் நூற்றாண்டு முதல் நம் அடுக்களையுட் புகுந்து, இன்று தொன்றுதொட்டு இருந்தன போல வழங்குகின்றன. அவற்றை ஏற்றது எவ்வாறு, எவ்விடத்தில் வைத்தது, எதனை விலக்கியது என்பவற்றைச் சமைத்தவர் எழுதி வைத்திலர். எனினும் அவர் இட்ட பெயர்கள் வழக்கில் உள்ளன. அப்பெயர்களைச் சான்றாகக் கொண்டு அம்மாறுதலின் முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நூல்வழிச் சமையலும் கைவழிச் சமையலும்

சங்கப் பாட்டுகளில் இருவகைச் சமையலைக் காண்கிறோம். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் பாணர்க்கு அளிக்கும் விருந்து, வீமன் இயற்றிய மடைநூலின் நெறியினின்று வழுவாதது எனச் சிறப்பிக்கப்படுகிறது. அந்நூல் இருந்ததோ இல்லையோ, சமையலுக்கு நூல் உண்டு என்னும் எண்ணம் அக்காலத்திலேயே இருந்தமை தெளிவு. நூலின் வழிநிற்றல் அரண்மனைக்குப் பெருமை.

குறுந்தொகையில் 167ஆம் பாட்டாகிய கூடலூர் கிழாரின் செய்யுள் மற்றொரு வகையைக் காட்டுகிறது. புதுமணம் புரிந்த தலைவி முற்றிய தயிரைத் தன் விரலால் பிசைகிறாள். உடையைத் திருத்திக் கொள்ளவும் நேரமின்றித் தாளிப்பின் புகை கண்ணை மறைக்கத் தானே துழாவிப் புளிக்குழம்பு ஆக்குகிறாள். கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் நுட்பமாய் மலர்கிறது. இங்கு நூல் பேசப்படவில்லை. கையும் கண்ணும் மூக்குமே அளவுகோல். உண்பவன் நாவே தீர்ப்பு. செவிலி இதனை நற்றாய்க்குக் கூறுகிறாள் என்பது நோக்கத்தக்கது. மகள் புதிய மனையில் தானே சமைக்கக் கற்றாள் என்பது தாயர்க்குப் பெருஞ்செய்தியாய் இருந்தது.

சிலப்பதிகாரக் கொலைக்களக் காதை இதனினும் தெளிவான சான்று. புகார் வணிகர் குடியிற் பிறந்த கண்ணகி, மதுரைப் புறஞ்சேரியில் ஆயர் மனையொன்றில் சமைக்க நேர்கிறது. கோவலனோ சாவக நோன்பி. அவன் நோன்பிற்கு ஏற்ற உணவு வேண்டும். ஆய்ச்சியர் தந்தவை பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலியரிசி, ஆவின் பயன் ஆகியன. ஐயை தீமூட்ட, விரல் சிவக்க அரிந்து, முகம் வியர்க்கச் சமைத்து முடிக்கிறாள் கண்ணகி. ஊர் புதிது, அடுப்புப் புதிது, கலங்களும் பிறர் கலங்கள். கிடைத்த பொருளைக் கொண்டு, உண்பவர் ஒழுக்கத்தை மீறாது, தான் அறிந்த வகையில் அடிசில் ஆக்குதல் என்னும் இல்லத்துச் சமையலின் இலக்கணம் முழுவதும் இக்காட்சியில் அடங்கியுள்ளது. பிற்காலத்தில் புதுக்காய்கள் கடல்வழி வந்தபோது நிகழ்ந்ததும் இதுவே.

2. மிளகின் காலம்

மிளகாய் வருமுன் உறைப்புச் சுவைக்குத் தலைமையான பொருள் மிளகு. கறி, மிரியல், மிளகு என்னும் பெயர்கள் இதற்கு வழங்கின. பெரும்பாணாற்றுப்படை மிளகுப் பொதியைச் சுமந்து செல்லும் கழுதைகளைக் கூறுகிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் மிளகு மூடைகளைக் காட்டுகிறது. அகநானூற்று 149ஆம் பாட்டு, யவனர் மரக்கலம் பொன்னொடு முசிறிக்கு வந்து மிளகொடு மீள்வதைப் பாடுகிறது. சமையலில் மிளகு சேர்ந்தமைக்கும் சான்று உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் மனையில், மாதுளையின் பசுங்காயை வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப் பொடியும் கறிவேப்பிலையும் கலந்து படைக்கின்றனர். மாவடு ஊறுகாயும் உடன் வைக்கின்றனர். எயினர், கோவலர், உழவர் மனைகளின் உணவும் அதே பாட்டில் நிலந்தோறும் வேறாகக் கூறப்படுகின்றன.

பாண்டியர், சோழர் காலக் கல்வெட்டுகளில் திருவமுதிற்கு உரிய பொருள்கள் அளவொடு குறிக்கப்பட்டன. நெய்யமுது, தயிரமுது, பருப்பமுது, கறியமுது என்பன அவற்றில் பயிலும் சொற்கள். கறியமுதிலும் புளிங்கறி, பொரிக்கறி எனச் சமைக்கும் வகையால் பிரிவு உண்டு. மிளகும் சீரகமும் கடுகும் அங்கு இடம்பெறுகின்றன. மிளகாய் என்னும் சொல் அங்கு இல்லை. அதற்குரிய செடி அமெரிக்கக் கண்டத்தது. கொலம்பசு அங்குச் சென்றது 1492இல். வாசுகோடகாமா கோழிக்கோட்டை அடைந்தது 1498இல். போர்ச்சுக்கீசியர் கோவாவைக் கைக்கொண்டது 1510இல். அவர் வழியே 16ஆம் நூற்றாண்டில் மிளகாய் இந்நாட்டில் வேரூன்றியது.

3. மிளகாய் என்னும் பெயர்

புதிய பொருளுக்குத் தமிழர் வேற்றுமொழிப் பெயரை வாங்கவில்லை. மிளகு, காய் என்னும் இரு சொற்களை இணைத்து மிளகாய் என்றனர். இடையிலுள்ள ககரங்கள் ஒன்றாய் மருவின. பெயரிட்டவர் அதனைக் கண்ட நோக்கு இதனால் விளங்கும். செடி நூலார் கண்ணுக்கு மிளகுக் கொடிக்கும் மிளகாய்ச் செடிக்கும் உறவு சிறிதும் இல்லை. சமைப்பவர் நாவுக்கோ இரண்டும் ஒரே தொழிலைச் செய்வன. எனவே இப்பெயர் தோட்டத்திலோ துறைமுகத்திலோ பிறந்ததாகத் தோன்றவில்லை. அம்மியடியில் பிறந்தது எனலாம்.

உடன்பிறந்த மொழிகளும் இதனை வலியுறுத்தும். கன்னடத்தில் மிளகு மெணசு, மிளகாய் மெணசினகாயி. தெலுங்கில் மிளகு மிரியாலு, மிளகாய் மிரபகாய. மலையாளத்தில் முளகு என்னும் பழஞ்சொல்லையே மிளகாய் கைப்பற்றிக் கொண்டது; உண்மையான மிளகு குருமுளகு, நல்லமுளகு என அடைபெற்று நிற்கிறது. மிளகாய்க்குக் கப்பல்முளகு, பறங்கிமுளகு என்ற பெயர்களும் அம்மொழியில் வழங்கியமை, அது வந்த வழியை மறவாமல் காட்டுகிறது. ஈழத் தமிழில் கொச்சிக்காய் என்பதும் மிளகாயின் பெயர். கொச்சித் துறையின் வழி வந்தமையை அது நினைவூட்டும். நான்கு மொழியாரும் ஒருவரை ஒருவர் கேளாமலே ஒரே முடிவிற்கு வந்தனர் என்றால், அவரவர் அடுக்களையில் நிகழ்ந்த சோதனை ஒன்றே என்பது பெறப்படும்.

மிளகை மிளகாய் வென்றமைக்குச் சுவை மட்டும் காரணம் அன்று. மிளகுக் கொடி நிழலும் மிகுமழையும் உள்ள மேற்கு மலைச் சாரலில் வளர்வது. சமவெளியில் வாழ்ந்த உழவர்க்கு அது விலைகொடுத்து வாங்கும் பண்டம். மிளகாயோ சில திங்களில் காய்க்கும் செடி; கொல்லையில் வளரும்; குறைந்த நீரிலும் பயன் தரும்; உலர்த்தினால் ஆண்டு முழுதும் உதவும். மழை குறைந்த இராமநாதபுர வட்டாரம் மிளகாய்க்குப் பெயர்பெற்றமை இதற்குச் சான்று. அவ்வட்டாரத்து முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வாங்கும் ஆற்றல் இல்லாதவர் கூழுக்கும் உறைப்பைத் தந்தது இச்செடி. ஆகவே இம்மாறுதலை வணிகர் வரலாற்றில் மட்டும் வைத்து எண்ணுதல் குறைபாடுடையது. ஏழையர் மனைகளின் வரலாற்றிலும் அதற்கு இடம் உண்டு.

4. பெயர் மாற்றத்தின் ஒரு நெறி

மேற்கூறிய நல்லமுளகு என்னும் சொல்லை மேலும் ஆராய்வோம். குமரி மாவட்டத் தமிழிலும் மிளகு நல்லமிளகு எனப்படுகிறது. புதியது பழையதன் பெயரை எடுத்துக்கொள்ள, பழையது அடைமொழி ஒன்றைப் பெற்று ஒதுங்கும் நெறி இது. இவ்வொரு சொல்லோடு நில்லாமல் அடுக்களைச் சொற்கள் பலவற்றில் இந்நெறி செயற்படுகிறது.

எண்ணெய் என்பது எள்ளின் நெய். பிற வித்துகளின் நெய்யும் எண்ணெய் எனப்பட்டபோது, எள்ளின் நெய் நல்லெண்ணெய் ஆயிற்று. நல்லமிளகிலும் நல்லெண்ணெயிலும் நிற்கும் அடை ஒன்றே. கடலை என்பது முன்பு கொண்டைக்கடலையையே குறித்தது. அமெரிக்க நிலத்து விதையொன்று நிலக்கடலை, வேர்க்கடலை என்னும் பெயர்களோடு வந்தது. மணிலாவின் பெயரால் மணிலாக்கொட்டை எனப்பட்டு, நடுநாட்டில் மல்லாட்டை என மருவியது. இன்று தெருவில் கடலை என்றால் நிலக்கடலையே. ஆயினும் கடலைமாவு என்பது கொண்டைக்கடலையின் மாவு. கடலையெண்ணெய் என்பது நிலக்கடலையின் எண்ணெய். ஒரே அடுக்களையில் ஒரே சொல் இருபொருளைச் சுட்டியும், சமைப்பவர் எவரும் மயங்குவதில்லை.

தக்காளி என்னும் பெயர், இன்று மணத்தக்காளி எனப்படுவது போன்ற சிறுகாய்ச் செடிகளுக்கு உரியதாய் இருந்தது. புதிய காய் முதலில் சீமைத்தக்காளி எனப்பட்டது. நாளடைவில் சீமை நீங்கிற்று. பழையதற்கு மணம் என்னும் அடை நிலைத்தது. முந்திரிகை என்பது பழைய நூல்களில் திராட்சை. முந்திரி இன்று வேறொரு கொட்டையைக் குறிக்க, பழையது கொடிமுந்திரி ஆயிற்று. யாழ்ப்பாணத்தில் பூசணி என்றால் மஞ்சள் நிறக் காய். தொன்றுதொட்டு வந்த வெண்காய் நீற்றுப்பூசணி என அடைபெற்றது. அதே மஞ்சட் காயைத் தமிழகத்தின் பல பகுதியினர் பறங்கிக்காய் என்பர். கொங்குநாட்டார் அரசாணிக்காய் என்பர். இதன் பெயரிலேயே பறங்கியர் இருக்க, மார்கழி வைகறையில் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகப்படுவது இதன் பூவே. வாசலில் அதனைச் செருகும் மகளிர் அதனை அயற்பூ எனக் கருதுவதில்லை.

இந்நெறி காட்டுவது யாது? ஒரு பொருளின் பெயரைப் புதியது அடையின்றிப் பெறுவது, அப்பொருளின் இடத்தை அது நாள்வழிச் சமையலில் பெற்றுவிட்ட பின்னரே. அடைமொழி இடம் மாறுவதைக் கொண்டு, புதியது வேரூன்றிய வரன்முறையை உய்த்துணரலாம். மிளகாயும் தக்காளியும் நிலக்கடலையும் இவ்வளவையில் முழுதும் நம்மவை ஆயின. மரவள்ளி, சர்க்கரைவள்ளி, மக்காச்சோளம் முதலியன இன்னும் அடையொடு நிற்கின்றன. வள்ளி என்பது குறிஞ்சி நிலத்துப் பழங்கிழங்கு. பறம்பு மலையில் உழவர் உழாது விளையும் நான்கனுள் ஒன்றாகக் கபிலர் புறநானூற்றில் அதனைக் கூறினார். அதன் பெயரைப் பங்கிட்டுக்கொள்ளவே மரவள்ளியால் இயன்றது. முழுதும் கைப்பற்ற இயலவில்லை.

மற்றொரு வேறுபாடும் கருதத்தக்கது. அன்னாசி, கொய்யா, பப்பாளி என வேற்றொலியோடு வந்த பெயர்கள் பெரும்பாலும் சமைக்காது உண்ணும் பழங்களுக்கு உரியன. பானையுட் புகுந்தவற்றிற்கே தமிழ்ப்பெயர் தேவைப்பட்டது போலும். சமைப்பதற்கு ஒப்புமை காண வேண்டும். எது போன்றது இது என்னும் வினா எழ வேண்டும். அவ்வினாவின் விடையே பெயராகிறது.

5. மாறாத அமைப்பு

பொருள்கள் இவ்வளவு மாறியும் தமிழர் உணவு தன் உருவை இழக்கவில்லை. இதற்குக் காரணம் சமைக்கும் வகைகள் மாறாமையே. புளிங்கறி, பொரிக்கறி எனக் கல்வெட்டில் கண்ட பிரிவுகளின் வழிவந்தவை இன்றைய புளிக்குழம்பும் பொரியலும். 15, 16ஆம் நூற்றாண்டுத் திருப்பதிக் கல்வெட்டுகளில் அப்பம், அதிரசம், வடை, தோசை, சுகியன் என்னும் பெயர்கள் உள்ளன. அவை இன்றும் அப்பெயர்களோடு உள்ளன. புதிய காய் எதுவாயினும் குழம்பு, கூட்டு, பொரியல், துவையல், வற்றல், ஊறுகாய் என்னும் வகைகளுள் ஒன்றில் அடங்கியே தீர வேண்டும்.

வடசொல் தமிழுள் வருங்கால் அயலெழுத்தை நீக்கித் தமிழெழுத்தின் இயல்பை ஏற்க வேண்டும் என்பது தொல்காப்பியர் விதி. அடுக்களையிலும் அத்தகைய விதியொன்று எழுதப்படாமல் இயங்கியது. முட்டைக்கோசு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீலகிரியில் 1819 முதல் கோயம்புத்தூர் ஆட்சியர் சான் சலிவன் முயற்சியால் ஐரோப்பியக் குடியிருப்பும் அவர் விரும்பிய காய்கறிகளின் பயிரும் பெருகின. மலைத் தோட்டத்திலிருந்து சந்தைவழி இறங்கிய கோசு, காரட்டு, பீட்ரூட்டு, பீன்சு ஆகியவை ஆங்கிலப் பெயரோடே நின்றன. கொல்லையில் விளையாமல் கடையிலிருந்து வந்தமையால் கடைக்காரர் சொன்ன பெயரே நிலைத்தது எனக் கருதுதல் பொருந்தும். ஆயினும் வீட்டினுள் வந்தவுடன் அவை பொடியாக அரியப்பட்டு, கடுகும் உளுந்தும் தாளித்து, தேங்காய்த் துருவல் தூவப்பெற்றுப் பொரியல் ஆயின. பெயர் ஆங்கிலம், ஆக்கம் தமிழ். பெயர்ச்சொல் அயலதாயினும் அதனொடு சேரும் வேற்றுமையுருபு தமிழாயிருப்பது போன்றது இது.

மிளகாயும் இவ்வாறே பழைய வகைகளுள் அமைந்தது. சுண்டையையும் மணத்தக்காளியையும் மோரில் ஊறவைத்து உலர்த்தும் முறையில் மோர்மிளகாய் தோன்றியது. மிளகுத்தண்ணீர் என்னும் சாற்றிலும் அது நுழைந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மிளகுத்தண்ணீர் என்னும் தமிழ்ச்சொல் சிறிது திரிந்து ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. ஆங்கிலேயர் அதனை இறைச்சி சேர்ந்த சாறாக மாற்றிக்கொண்டனர். நம் உணவைப் பிறர் தம் மரபிற்கேற்பத் திருத்தினர்; பிற நாட்டுக் காயை நாம் நம் மரபிற்கேற்பத் திருத்தினோம்.

6. வட்டார வேறுபாடும் வறுமைக்கால மாறுதலும்

ஒரே பொருள் வந்தும் வட்டாரந்தோறும் ஏற்ற வகை வேறு. மரவள்ளியை எடுத்துக்கொள்வோம். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அக்கிழங்கின் பயிரை ஊக்கினார். 1942இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. திருவிதாங்கூரில் அரிசிக் குறையை ஈடுசெய்தது இக்கிழங்கே. முன்பு அந்நாட்டின் பகுதியாய் இருந்த குமரிப் பகுதியில் இது மரச்சீனி எனப்படும். அவித்து நீரை வடித்து, மீன்குழம்போடு உண்பது அங்கு வழக்கம். நீரை வடித்தல் சுவைக்காக மட்டும் அன்று. கிழங்கிலுள்ள நச்சுத்தன்மை அதனால் குறையும். இக்காரணத்தை வேதியியல் வழி அறியாத மகளிரும் அம்முறையை வழுவாது காத்தனர். சேலம் பகுதியில் அதே கிழங்கு குச்சிக்கிழங்கு. அங்கு அது மாவுத் தொழிலுக்கு முதற்பொருளாயிற்று.

யாழ்ப்பாணத்து ஒடியற்கூழ் மற்றோர் எடுத்துக்காட்டு. பனங்கிழங்கை உலர்த்தி இடித்த ஒடியல்மா அதன் அடிப்படை. அது அந்நிலத்துப் பழம்பொருள். அதனுள் மீனும் நண்டும் இறாலும், பயற்றங்காயும் பலாக்கொட்டையும், புளியும் சேரும். மரவள்ளித் துண்டுகளும் அரைத்த செத்தல் மிளகாயும் பின்வந்தவை. இவ்விரண்டையும் நீக்கி இன்று அக்கூழை எண்ணவும் இயலாது. மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கலாகாது என்னும் வீட்டு விதியும் அங்கு உண்டு. புதுப்பொருளுக்கும் விலக்கும் விதியும் விரைவில் அமைந்துவிட்டமையை அது காட்டும். 1970க்கும் 1977க்கும் இடையே இலங்கை அரசு உணவுப்பொருள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, யாழ்ப்பாண உழவர் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டு வளம் பெற்றனர். அரிசி அரிதான அக்காலத்தில் மரவள்ளி பல மனைகளில் ஒருவேளை உணவாயிற்று. கடல்வழி வந்த இரு பயிர்கள், கடல்வழி அடைபட்ட காலத்தில் மக்களைத் தாங்கின.

இவ்விரு செய்திகளிலிருந்தும் ஓர் உண்மை புலப்படும். இல்லத்துச் சமையலில் மாறுதல் பெரும்பாலும் புதுமை வேட்கையால் நிகழ்வதில்லை, குறையால் நிகழ்கிறது. அரிசி இல்லாதபோது கிழங்கும், மிளகு வாங்க இயலாதபோது மிளகாயும் உலையேறின. குறை நீங்கிய பின்னும் அவை நின்றன; ஏனெனில் அதற்குள் அவற்றை இனிதாக்கும் வகையைப் பெண்டிர் கண்டுவிட்டனர்.

7. ஏற்காத இடங்கள்

எல்லா இடத்திலும் புதியன புகவில்லை. நீத்தார் கடன் நாளில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, கோசு முதலியவற்றை நீக்கிச் சமைக்கும் மனைகள் பல. அன்று உறைப்பிற்கு மிளகே. காய்களில் வாழை, பாகல், புடல், அவரை, சேனை போன்றன. பிரண்டைத் துவையலும் உண்டு. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் இட்டலியில் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்கின்றன; அனுமனுக்குச் சாத்தும் வடைமாலையில் மிளகே இடம்பெறுகிறது. பேறுகாலத்துப் பத்திய உணவிலும், காய்ச்சல் கண்டார்க்குத் தரும் சாற்றிலும் மிளகு தலைமை தாங்குகிறது.

ஆகவே மிளகு அழியவில்லை. கடன், கோயில், மருந்து என்னும் மூன்றிடத்தும் ஒதுங்கி வாழ்கிறது. 16ஆம் நூற்றாண்டிற்கு முற்பட்ட தமிழர் உணவு எவ்வாறு இருந்தது என்பதை அறிய விரும்புவார்க்கு இம்மூன்றும் நல்ல சான்றுகள். எந்தக் காய் விலக்கு என்பதை நினைவில் வைத்து, தாய் மகளுக்கும் மாமி மருமகளுக்கும் சொல்லி வந்ததால் ஏறத்தாழ 400 ஆண்டுப் பழமை காக்கப்பட்டது. நாள்தோறும் மாற்றியவரும், குறித்த நாளில் மாற்றாது காத்தவரும் ஒருவரே என்பதை மறத்தலாகாது.

8. இரு தவறான கொள்கைகள்

இதுகாறும் கண்டவற்றால் இரு கொள்கைகள் பொருந்தாமை விளங்கும். முதலாவது, தூய தமிழுணவு என ஒன்று மாறாது இருந்தது என்பது. மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் நீக்கினால் இன்று நம் மரபுணவு எனப் போற்றப்படுவனவற்றில் பெரும்பகுதி நில்லாது. அதனால் அவை நம் உணவு ஆகாமற் போவதில்லை. பொருளின் பிறப்பிடத்தைக் காட்டிலும் அதனை ஆக்கும் வகையே உணவின் உரிமையைத் தீர்மானிப்பது.

இரண்டாவது, ஒவ்வோர் உணவையும் ஓர் அரசனோ அரண்மனைச் சமையற்காரரோ கண்டுபிடித்தார் என்னும் கதை. சாம்பார் தஞ்சை மராத்திய அரண்மனையில் பிறந்தது என்னும் கதை பலராலும் கூறப்படுகிறது. சம்பாரம் என்னும் சொல் கூட்டும் பொருள்கள், மசாலைப் பொருள்கள் என்னும் பொருளில் தமிழில் வழங்கியது. கேரளத்தில் அது தாளித்த மோரைக் குறிக்கிறது. சொல்லாராய்ச்சி இங்ஙனம் வேறு வழியைக் காட்டும்போது, அரசர் பெயரால் வழங்கும் கதையை வரலாறாகக் கொள்ளுதல் தகாது. தஞ்சை அரண்மனைச் சமையலைப் பற்றிய எழுத்துச் சான்று இல்லாமல் இல்லை. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி காலத்துச் சரபேந்திர பாகசாத்திரம் சரசுவதி மகால் நூலகத்தாரால் வெளியிடப்பட்டுள்ளது. அரண்மனை எழுதி வைத்தது. அதனால் அதன் புகழ் நின்றது. இல்லங்கள் எழுதி வைக்கவில்லை. அதனால் அவற்றின் தொழில் அரண்மனையின் பெயரில் ஏறியது. எழுத்தின்மையைத் தொழிலின்மையாகக் கொண்டதே இப்பிழையின் வேர்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாக நூல்கள் தமிழில் அச்சேறின. எனினும் இல்லத்துப் பெண் ஒருவர் தம் கையறிவை அளவொடு எழுதி, பரவலாக ஏற்கப்பெற்ற நூல் 1951இல் வெளிவந்த எசு. மீனாட்சி அம்மாளின் சமைத்துப் பார். பதம் கேட்டு எழுதிய உறவினர்க்குக் கடிதவழி விடை கூறி வந்த அவர், பின் அவற்றை நூலாக்கினார். தாயருகில் நின்று கற்க இயலாது தொலைவில் குடித்தனம் நடத்திய இளம்பெண்டிர் பெருகிய காலம் அது. குறுந்தொகைத் தலைவியைப் போல் புதுமனையில் தனியே நின்றவர்க்கு இந்நூல் செவிலியாய் அமைந்தது. இதனால் விளைந்த மாறுதலும் ஒன்று உண்டு: கைப்பிடி, சிட்டிகை, பதம் என்னும் அளவுகள் எண்ணாக மாறியபோது, ஒரு குடும்பத்தின், ஒரு வட்டாரத்தின் முறை பலர்க்கும் பொதுமுறையாகத் தோன்றலாயிற்று. அச்சேறாத வட்டாரங்களின் முறைகளும் சொற்களும் பின்னடைந்தன.

9. செய்ய வேண்டுவன

உறைப்பு என்பார் யாழ்ப்பாணத்தாரும் நாஞ்சில் நாட்டாரும். காரம் என்பார் பிறர். நல்லமிளகு, மல்லாட்டை, அரசாணிக்காய், மரச்சீனி, குச்சிக்கிழங்கு, செத்தல், கொச்சிக்காய் என இக்கட்டுரையுள் வந்த சொற்களுட் பல, அவ்வவ் வட்டார முதியோர் நாவிலேயே மிகுதியும் உயிர்வாழ்வன. கடையில் விற்கும் பொடிப் பொட்டலம் எல்லா வட்டாரத்தும் ஒரே பெயரோடு செல்கிறது. அம்மியும் உரலும் நீங்கியபோது அவற்றோடு சேர்ந்த வினைச்சொற்களும் நீங்கி வருகின்றன. நசுக்குதல், சதைத்தல், நுணுக்குதல், ஒன்றிரண்டாய் இடித்தல், மைய அரைத்தல் என்பவற்றிடையே உள்ள நுண்வேறுபாட்டை அறிந்த தலைமுறை மறைந்தபின், எவ்வகராதியும் அதனை மீட்டுத் தராது.

பட்ட ஆய்வு மேற்கொள்ளும் மாணவர் மூன்று பணிகளைத் தலைக்கொள்ளலாம். மாவட்டந்தோறும் மூத்த பெண்டிரிடம் காய், கிழங்கு, அளவை, சமையல் வினை பற்றிய சொற்களைக் கேட்டுத் தொகுத்தல் ஒன்று. நீத்தார் கடனிலும் பத்தியத்திலும் விலக்கப்படும் பொருள்களின் பட்டியலைச் சாதி, சமய, வட்டார வேறுபாட்டோடு திரட்டுதல் மற்றொன்று. கல்வெட்டுகளில் பயிலும் கறியமுது முதலிய சொற்களை நூற்றாண்டு முறையில் அடைவு செய்து, இன்றைய வழக்கோடு ஒப்பிடுதல் மூன்றாவது. முதற்பணிக்கே விரைவு மிக வேண்டும். கல் காத்திருக்கும், முதியோர் காத்திரார். தொகுக்கும்போது சொன்னவர் ஊரையும் வட்டாரத்தையும் தவறாது குறித்தல் நலம். இத்தொகுப்பு முற்றுப்பெறின், இங்குச் சில சொற்களைக் கொண்டு நாம் காட்டிய பெயர் மாற்ற நெறி எத்துணைப் பொதுமையுடையது என்பது உறுதிப்படும். பிழையாயின் திருத்தவும் வழி பிறக்கும்.